அரை வண்டியின் வரலாறு

நகர வரலாறு எழுதுவோர் கோட்டைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். துறைமுகங்களையும் கோயில் தெருக்களையும் கடைவீதிகளையும் பற்றி எழுதியிருக்கிறார்கள். கட்டண அட்டவணைகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஆயினும், ஒரு நகரம் தன் மக்களுள் யாரை எவ்வளவாகக் கணக்கிடுகிறது என்று அறிய விரும்பினால், அந்த அட்டவணைகளைப் போல நேர்மையான ஆவணம் வேறில்லை. நம் முன்னோர் இதை அறிந்தே இருந்தனர். முதற் குலோத்துங்கனை மக்கள் நினைவில் நிறுத்திய பெயர்களுள் ஒன்று 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்பது. பிரான்மலைக் கல்வெட்டில் வணிகர்கள் தங்களுக்குள் விதித்துக்கொண்ட கொடையைச் சரக்கு வாரியாக, பொதிக்கு இவ்வளவு என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். எது ஒரு பொதி, எது ஒரு வண்டி என்று முடிவு செய்துவிட்டால் மற்றவை தாமே முடிவாகிவிடும்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அத்தகைய ஒரு சிறு கணக்கைத்தான். மோட்டார் சைக்கிள் என்பது எத்தனை வண்டி? கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் கடந்த அரை நூற்றாண்டில் சிங்கப்பூர், லண்டன், பாரிஸ், ஜகார்த்தா, பினாங்கு, தைப்பே, மும்பை, சென்னை ஆகிய நகரங்கள் இதற்கு வெவ்வேறு விடைகளைச் சொல்லியிருக்கின்றன. சில நகரங்கள் அதைக் காரின் ஒரு பின்னம் என்றன. சில, கணக்கில் வராத சுழியம் என்றன. சில, இங்கே வரவே கூடாது என்றன. அந்த விடைகளுக்குப் பின்னால் இருப்பது வண்டியைப் பற்றிய எண்ணம் மட்டுமல்ல. அதன் மேல் அமர்ந்திருப்பவரைப் பற்றிய எண்ணமும்கூட.

பொறியாளரின் பின்னம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாலைப் பொறியியல் ஒரு தனித்துறையாக வளர்ந்தது அமெரிக்காவில். அங்கே சாலை என்றால் கார். ஆகவே சாலையின் கொள்ளளவை அளக்கும் அலகும் காராகவே அமைந்தது. சரக்கு லாரி சாலையில் எத்தனை காருக்குச் சமமான இடத்தைப் பிடிக்கிறது என்று கணக்கிடும் முறை 1965ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேட்டில் இடம்பெற்றது. பின்னர் அம்முறை உலகெங்கும் பரவி, ஒவ்வொரு நாடும் தன் வண்டிகளுக்கு ஓர் எண்ணைச் சூட்டியது. கார் 1. மற்றவை அதன் மடங்கு அல்லது பின்னம்.

இந்தியச் சாலைகள் பேராயம் 1990ஆம் ஆண்டு நகரச் சாலைகளுக்கென வெளியிட்ட நெறிமுறையில் இருசக்கர வண்டிக்கு இரண்டு எண்கள் தரப்பட்டிருக்கின்றன. மொத்தப் போக்குவரத்தில் அவை 5 சதவீதமாக இருந்தால் ஒவ்வொன்றும் 0.5, 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 0.75. கூட்டமாகச் சேரும்போது அவை ஒன்றையொன்றும் பிறவற்றையும் தடுப்பதால் எண் உயர்கிறது என்பது இதன் தருக்கம். பொறியியல் நோக்கில் இதில் குற்றம் காண முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் பதிவான மோட்டார் வண்டிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இருசக்கர வண்டிகள். பெரும்பான்மையை அளக்கும் அலகாகச் சிறுபான்மை இருக்கிறது. ஒரு ஊரில் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் கம்பு உண்ணும்போது தானியத்தை எல்லாம் நெல்லின் கணக்கில் எழுதி வைப்பது போன்றது இது. கணக்குத் தவறாகாது, ஆனால் எழுதியவரின் வீட்டில் எது பொங்கியது என்பது தெரிந்துவிடும்.

சிங்கப்பூர்: மூன்றில் ஒன்று, இரண்டில் ஒன்று

நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம் என்னும் எண்ணத்தை முதன்முதலில் முழுமையாகச் செயற்படுத்திய நகரம் சிங்கப்பூர். 1975ஆம் ஆண்டு ஜூன் மாதம் அங்கு வட்டார உரிமத் திட்டம் தொடங்கியது. காலை நேரத்தில் மையப் பகுதிக்குள் வரும் கார் ஒரு நாளைக்கு 3 வெள்ளி கொடுத்து உரிமச் சீட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். பேருந்துகள், சரக்கு வண்டிகள், நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ ஏறிவரும் கார்கள் ஆகியவற்றோடு மோட்டார் சைக்கிள்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. அதாவது முதல் விடை சுழியம்.

14 ஆண்டுகள் கழித்து, 1989ஆம் ஆண்டு ஜூன் மாதம், அந்த விடை மாறியது. வழித்தடப் பேருந்துகளும் அவசர ஊர்திகளும் தவிர மற்ற அனைத்தும் கட்டணத்துக்குள் வந்தன. இடைக்காலத்தில் 5 வெள்ளி வரை உயர்ந்திருந்த கார்க் கட்டணம் மீண்டும் 3 வெள்ளியானது. மோட்டார் சைக்கிளுக்கு 1 வெள்ளி. மூன்றில் ஒன்று. 1998ஆம் ஆண்டு மின்னணுச் சாலைக் கட்டண வளைவுகள் வந்தபோது பொறியாளரின் எண் அப்படியே அட்டவணையில் ஏறியது. மோட்டார் சைக்கிளுக்குக் காரின் பாதி, கனரக வண்டிக்கு ஒன்றரை மடங்கு, மிகக் கனரக வண்டிக்கும் பெரிய பேருந்துக்கும் இரண்டு மடங்கு. அரசியல் பேச்சுக்கு இடமில்லாத சுத்தமான கணக்கு.

ஆயினும் அதே சிங்கப்பூரில் வண்டியை நிறுத்தும் இடத்தில் கணக்கு வேறாக இருப்பதைக் காண்கிறோம். வீடமைப்புக் கழக நிறுத்துமிடங்களில் மையப் பகுதிக்கு வெளியே கார் அரைமணி நேரத்துக்கு 60 காசு தருகிறது. மோட்டார் சைக்கிள் ஒரு பகல் முழுவதற்கும் 65 காசு. ஓடும்போது பாதியாக இருந்த வண்டி நிற்கும்போது மிகச் சிறிய பின்னமாகிவிடுகிறது. இதற்கும் ஒரு நியாயம் உண்டு. ஒரு கார் நிற்கும் இடத்தில் நான்கைந்து மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். ஆனால் ஓடும்போது முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் விட வேண்டிய இடைவெளியைச் சேர்த்தால் அது அவ்வளவு சிறியதல்ல.

ஆனால் சிங்கப்பூரின் உண்மையான சுங்கச்சாவடி சாலையில் இல்லை. 1990ஆம் ஆண்டு முதல் அங்கே வண்டி வாங்கும் உரிமையையே ஏலத்தில் எடுக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. 2022ஆம் ஆண்டின் இறுதியில் அந்தப் பிரிவின் உரிமச் சான்றிதழ் 13,000 வெள்ளியைத் தாண்டியது. பல சிறிய வண்டிகளின் விலையை விட அதை ஓட்டும் உரிமையின் விலை அதிகம் என்னும் நிலை. உணவும் பொருளும் வீடுவீடாகக் கொண்டு சேர்ப்போருக்கு வண்டி ஒரு தொழிற்கருவி. தச்சனுக்கு உளி போல. உளிக்கு ஏலம் வைத்தால் என்னவாகும் என்பதைச் சிங்கப்பூர் நாடாளுமன்றமே பலமுறை விவாதித்திருக்கிறது.

லண்டனும் பாரிஸும்

லண்டனில் 2003ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் நெரிசல் கட்டணம் தொடங்கியது. நகர மேயர் கென் லிவிங்ஸ்டன். ஒரு நாளைக்கு 5 பவுண்டு. மோட்டார் சைக்கிளுக்கு முழு விலக்கு. நெரிசலைக் குறைப்பது நோக்கம் என்றால், நெரிசலில் நுழைந்து போகும் வண்டியைத் தண்டிப்பதற்குக் காரணமில்லை என்ற எளிய தருக்கம். விளைவாக, காரை விட்டு ஸ்கூட்டருக்கு மாறுவது லாபகரமான முடிவாயிற்று.

ஐந்தாண்டுகளில் மறுபக்கம் தெரிந்தது. மைய லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை 2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், அதுவரை இலவசமாக இருந்த மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடங்களுக்கு நாளொன்றுக்கு ஒன்றரைப் பவுண்டு விதித்தது. பின்னர் அது 1 பவுண்டாகக் குறைந்தது. ஓட்டிகள் கொதித்தெழுந்தனர். கூட்டமாக வண்டிகளில் வந்து தெருக்களை நிறைத்தனர்; வழக்கும் தொடுத்தனர். இது போக்குவரத்து ஒழுங்கு அன்று, வருவாய்க்கான வரி என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் நகரசபையின் பக்கம் நின்றது. ஒரு பவுண்டு பெரிய தொகையன்று. அவர்களைச் சினங்கொள்ள வைத்தது தொகையன்று என்றே எண்ணத் தோன்றுகிறது. சாலை உங்களை ஊக்குவிக்கிறது, ஓரம் உங்களிடம் காசு கேட்கிறது. இரண்டும் ஒரே நகரம். நகரத்துக்குத் தன்னைப் பற்றி ஒரு முடிவான எண்ணம் இல்லை என்பதே ஓட்டியின் மனக்குறை.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 8 முதல் லண்டனின் மிகக்குறை மாசு மண்டலம் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு விலக்கில்லை. பழைய மாசு வரையறைக்குட்பட்ட வண்டி, அது ஸ்கூட்டரானாலும் காரானாலும், நாளொன்றுக்கு 12.50 பவுண்டு. நெரிசலின் கணக்கில் சுழியமாக இருந்த வண்டி புகையின் கணக்கில் முழுதாகிவிட்டது. பாரிஸ் நகரமும் இதே திசையில் நகர்ந்தது. அங்கே 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 1 முதல் பெட்ரோலில் ஓடும் இருசக்கர வண்டிகளுக்கு நிறுத்தக் கட்டணம் வந்தது. முதல் 11 வட்டங்களில் மணிக்கு 3 யூரோ, வெளி வட்டங்களில் 2 யூரோ. கார்களுக்கு அப்போது 6 யூரோவும் 4 யூரோவும். சரியாகப் பாதி. மின்சார வண்டிகளுக்கு இலவசம். நிற்கும் வண்டி காரின் பாதி இடத்தைப் பிடிப்பதில்லை என்று மேலே கண்டோம். ஆகவே பாரிஸ் இங்கே இடத்துக்கு விலை வைக்கவில்லை. இரைச்சலுக்கும் புகைக்கும் விலை வைத்தது. பின்னம் ஒன்றே; அதன் பொருள் ஊருக்கு ஊர் மாறுகிறது.

ஜகார்த்தா: விலக்கப்பட்ட தெரு

கட்டணம் என்பது எவ்வளவு கசந்தாலும் ஓர் உடன்பாடு. காசு கொடு, வந்து போ. தடை அப்படியன்று. 2014ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் முதல் ஜகார்த்தாவின் தம்ரின் சாலையிலும் அதைத் தொடர்ந்து மெர்டேக்கா சதுக்கத்தின் மேற்குப் புறமுள்ள சாலையிலும் மோட்டார் சைக்கிள்கள் நுழையக் கூடாது என்று உத்தரவாயிற்று. அப்போதைய ஆளுநர் பாசுகி ஜஹாஜா பூர்ணமா. தடுக்கப்பட்டவர்கள் ஏறிச் செல்ல இலவசப் பேருந்துகள் விடப்பட்டன.

அந்தச் சாலை ஏதோ ஒரு சாலையன்று. வங்கிகளும் அமைச்சகங்களும் விடுதிகளும் பேரங்காடிகளும் அணிவகுத்து நிற்கும் தலைநகரின் முகம். அக்கட்டடங்களில் பணிபுரியும் காவலரும் துப்புரவாளரும் எழுத்தரும் கடைப் பெண்ணும் நகரின் விளிம்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள். அவர்கள் அந்த முகத்தைத் துடைக்கலாம். அதன் முன்னால் போகக்கூடாது. கார்களுக்கும் அங்கே ஒரு கட்டுப்பாடு இருந்தது. 1992 முதல் நடைமுறையில் இருந்த 'ஒரு காரில் மூவர்' என்னும் விதி அது. அதைச் சமாளிக்கப் பணக்காரர்களுக்கு வழி இருந்தது. சாலை முனையில் காத்து நிற்கும் ஏழைகளைக் கூலிக்கு ஏற்றிக்கொண்டு மூவராகிவிடுவார்கள். கைக்குழந்தையோடு நிற்கும் பெண் இரண்டு தலையாகக் கணக்கில் வருவாள். மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கு அப்படி எந்த வாசலும் இல்லை. அந்த 'மூவர்' விதி 2016ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. மோட்டார் சைக்கிள் தடை தொடர்ந்தது.

இறுதியில் வழக்கு இந்தோனேசிய உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. வழக்குத் தொடுத்தவர்கள் சாதாரண ஓட்டிகள். ஆளுநரின் உத்தரவு மேலான சட்டங்களுக்கு முரணானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அச்சட்டங்களுள் மனித உரிமைச் சட்டமும் ஒன்று. 2018ஆம் ஆண்டு ஜனவரி மாதம் தீர்ப்பு வெளியாகி, தடை நீங்கியது. போக்குவரத்து விதி ஒன்றை மனித உரிமையின் தராசில் வைத்து நிறுத்த அத்தீர்ப்பை நாம் இவ்வரலாற்றின் முக்கியமான ஆவணமாகக் கருதுகிறோம்.

எல்லா நகரங்களிலும் கதை இப்படி முடியவில்லை. சீனத்தின் குவாங்சோ நகரம் 2007ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் நகர்ப்பகுதியில் மோட்டார் சைக்கிளை முற்றாக விலக்கியது. அந்த வெற்றிடத்தை மின் மிதிவண்டிகள் நிரப்பின. தேவை போகவில்லை, அதன் உருவம்தான் மாறியது. ஹனோய் நகர மக்கள் மன்றம் 2030ஆம் ஆண்டை எல்லையாகக் குறித்து நகரின் உள் மாவட்டங்களில் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதென 2017இல் தீர்மானித்தது. வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் உள்ள ஊரில் எடுக்கப்பட்ட தீர்மானம் அது.

மலேசியா: ஐந்தில் ஒன்று, பிறகு சுழியம்

பினாங்குத் தீவையும் எதிர்க்கரையையும் இணைக்கும் பாலம் 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கு முன் படகுதான். பாலத்தைக் கடக்கக் காருக்கு 7 ரிங்கிட் வாங்கிய காலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 1.40 ரிங்கிட். 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தில் காருக்கு 8.50, மோட்டார் சைக்கிளுக்கு 1.70. இரண்டிலும் பின்னம் ஐந்தில் ஒன்று. 2019ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் இவ்விரு பாலங்களிலும், ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் செல்லும் இரண்டாம் இணைப்புப் பாலத்தின் மலேசியப் பகுதியிலும், மோட்டார் சைக்கிளுக்குச் சுங்கம் ரத்தாயிற்று. பட்டர்வொர்த்திலும் பிறையிலும் வாழ்ந்து தீவின் தொழிற்சாலைகளுக்கு நாள்தோறும் போய்வரும் தொழிலாளிக்கு, அவர்களுள் தமிழரும் கணிசம், அது மாதம் சில நாள் சாப்பாட்டுச் செலவு. சுங்கம் தவிர்த்தவர்களை மக்கள் நினைவில் வைத்துக்கொள்வதன் காரணம் இப்போதும் அதுவேதான்.

ஆனால் மலேசியாவை நாம் இங்கே நினைவுகூர்வதற்குச் சுங்கத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கிச் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை அமைக்கப்பட்டது. பிரதான சாலையோடு கலக்காமல், மேம்பாலங்களின் அடியில் வளைந்து புகுந்து செல்லும் குறுகிய பாதை. 1990களின் தொடக்கத்தில் அது மேலும் நீட்டிக்கப்பட்டது. அப்பாதை மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஏறத்தாழ 39 சதவீதம் குறைத்ததாக ஓர் ஆய்வு கூறியது. பாதையில் குறைகள் இல்லாமலில்லை. இருளும் மழைநீரும் வழிப்பறி அச்சமும் பற்றிய புகார்கள் உண்டு. எனினும், சாலை போடும்போதே இவர்களும் வருவார்கள் என்று நினைத்து இடம் ஒதுக்கியது பெரிய செய்தி. காசு வாங்காமல் விடுவது ஒரு சலுகை. இடம் ஒதுக்குவது ஒரு ஒப்புதல்.

தைப்பே: இரண்டு கட்டத் திருப்பம்

தைவானில் நிலைமை வேறு. ஏறத்தாழ இரண்டு கோடியே முப்பது லட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில் ஒரு கோடியே நாற்பது லட்சம் அளவில் மோட்டார் சைக்கிள்கள் இருக்கின்றன. காலை நேரத்தில் தைப்பே பாலத்தின் சரிவில் இறங்கும் வண்டிகளின் திரளை அங்கே 'மோட்டார் சைக்கிள் அருவி' என்றே அழைக்கிறார்கள். படம் எடுக்கப் பயணிகள் வருகிறார்கள். ஆனால் 1974இல் முதல் விரைவு நெடுஞ்சாலை திறந்த காலம் முதல் மோட்டார் சைக்கிளுக்கு அங்கே இடமில்லை. நகரச் சாலைகளிலும் பல இடங்களில் உள்தடம் அவர்களுக்கு விலக்கு.

இடப்புறம் திரும்புவதற்கு அங்கே ஒரு விசித்திரமான விதி. தைவானில் வண்டிகள் வலப்புறம் செல்பவை. ஆகவே இடது திருப்பம் எதிர்வரிசையை வெட்டிக் கடக்க வேண்டிய திருப்பம். கார் உள்தடத்திலிருந்து நேரே திரும்பலாம். மோட்டார் சைக்கிள் அப்படிச் செய்யக் கூடாது. சந்திப்பை நேராகக் கடந்து, எதிர்மூலையில் தரையில் வரைந்துள்ள கட்டத்துக்குள் நின்று, வண்டியைத் திசைமாற்றி, அடுத்த பச்சை விளக்குக்குக் காத்திருந்து, பிறகே போக வேண்டும். பாதுகாப்புக்காக என்கிறது அரசு. காருக்கு வழிவிடுவதற்காக என்கிறார்கள் ஓட்டிகள். அண்மை ஆண்டுகளில் அவர்கள் கண்டுபிடித்த போராட்ட முறை சுவையானது. நூற்றுக்கணக்கானோர் ஒரே சந்திப்பில் கூடி, விதியை எள்ளளவும் மீறாமல், அந்தக் கட்டங்களுக்குள் சென்று நின்று திரும்பி, மீண்டும் மீண்டும் சுற்றி வந்தார்கள். கட்டம் நிரம்பி வழிந்தது, போக்குவரத்து நின்றது. விதியை முழுமையாகக் கடைப்பிடித்தாலே நகரம் நின்றுவிடும் என்று காட்டுவதைவிடக் கூர்மையான விமர்சனம் இருக்க முடியாது.

பெரிய வண்டிகளுக்கு மட்டும் கதவு சிறிது திறந்தது. 550 சி.சி.க்கு மேற்பட்ட, சிவப்புப் பலகை கொண்ட வண்டிகள் 2007 நவம்பர் முதலும், அடுத்த நிலையிலுள்ள மஞ்சள் பலகை வண்டிகள் 2012 ஜூலை முதலும் நகர விரைவுச் சாலைகளில் அனுமதிக்கப்பட்டன. வேலைக்குப் போகும் சாதாரண ஸ்கூட்டர் வெளியிலேயே நின்றது.

நம் ஊர்: இலவசமும் விலக்கும்

இந்தியாவில் 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் இருசக்கர வண்டிகளுக்குப் பொதுவாகச் சுங்க விலக்கு அளித்தன. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவற்றுக்கும் சுங்கம் வரப்போகிறது என்று செய்தி பரவியபோது ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி உடனே மறுத்தார். எந்த அரசும் தொட அஞ்சும் விலக்கு இது. ஆனால் அதே காலத்தில் மற்றொன்றும் நடந்தது. மும்பையின் பாந்த்ரா–வொர்லி கடற்பாலம் 2009இல் திறந்தபோது இருசக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை. 2024இல் திறந்த அடல் சேதுவிலும் இல்லை. கடற்கரைச் சாலையிலும் இல்லை. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைத் தடத்திலிருந்து 2023 ஆகஸ்ட் 1 முதல் அவை விலக்கப்பட்டன. வேகமான கனரக வண்டிகளிடையே சிறிய வண்டி செல்வது ஆபத்து என்பது காரணம். அக்காரணம் பொய்யன்று. ஆயினும் பொதுப்பணத்தில் எழும் ஒவ்வொரு பெரும் பாலமும் நான்கில் மூன்று வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டே திறக்கப்படுமானால், அந்த மூன்று பேருக்கென ஒரு தடம் ஏன் வரைபடத்திலேயே இல்லை என்று கேட்க வேண்டியிருக்கிறது. சுங்கமில்லை, பாதையுமில்லை. சுழியம் என்பதன் முழுப்பொருள் இங்கேதான் விளங்குகிறது.

தில்லியில் 2016ஆம் ஆண்டு ஜனவரி முதல் பதினைந்து நாட்கள் ஒற்றை, இரட்டை எண் முறை நடைமுறைக்கு வந்தபோது இருசக்கர வண்டிகளுக்கு விலக்கு தரப்பட்டது. 2017 நவம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த விலக்கு கூடாது என்றது. தில்லி அரசு திட்டத்தையே கைவிட்டது. அத்தனை பேரையும் ஏற்றிச் செல்லப் பேருந்துகள் இல்லை என்பதே காரணம். நகரம் தன்னை நகர்த்துவது யார் என்பதை வாய்விட்டு ஒப்புக்கொண்ட அரிய தருணங்களுள் அது ஒன்று.

சென்னை மாநகராட்சி 2019இல் திறன்மிகு நிறுத்துமிடங்களைத் தொடங்கியபோது காருக்கு மணிக்கு 20 ரூபாய், இருசக்கர வண்டிக்கு 5 ரூபாய் என்று வைத்தது. நான்கில் ஒன்று. நாம் பார்த்த பின்னங்களுள் இடத்தின் கணக்குக்கு நெருங்கியது இதுவே எனலாம்.

முழு எண்

இதுகாறும் கண்ட பின்னங்களுக்கெல்லாம் வெளியே ஒரு விதி நிற்கிறது. அது வண்டியைப் பற்றியதன்று, தலையைப் பற்றியது. பிரிட்டன் 1973இல் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. தலைப்பாகை அணியும் சீக்கியருக்கு 1976இல் தனிச் சட்டத்தால் விலக்கு அளித்தது. தைவானில் 1997இல் வந்தது. நம்மோடு ஒப்பிடத் தக்கது வியத்நாம். தமிழ்நாட்டில் 2007 ஜூன் 1 முதல் தலைக்கவசம் கட்டாயம் என்று உத்தரவாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 15 முதல் வியத்நாமில் உத்தரவாயிற்று. வியத்நாமில் அபராதம் கணிசமாக உயர்த்தப்பட்டது, காவலர் ஒவ்வொரு நாளும் தெருவில் நின்றனர். சில வாரங்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கவசத்தோடு சென்றனர். நம் ஊரிலோ கண்டிப்பு நாளடைவில் தளர்ந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் மீண்டும் ஒருமுறை அதே சட்டத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று. எட்டாண்டுகள். ஒரே ஆண்டில் ஒரே விதியைத் தொடங்கிய இரு நிலங்களுக்கிடையே உள்ள அந்த இடைவெளியில் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்திருக்கும் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் இருசக்கர வண்டியில் சென்றவர்கள் 74,897 பேர், 44.5 சதவீதம். இந்த அட்டவணையில் அரை இல்லை, முக்கால் இல்லை, ஐந்தில் ஒன்று இல்லை. ஒவ்வொருவரும் ஒன்று.

மோட்டார் சைக்கிளைப் புகழ்ந்து பாடுவது நம் நோக்கமன்று. அது புகைகிறது, இரைகிறது, நடைபாதையில் ஏறுகிறது, முதியவர்களை அச்சுறுத்துகிறது. நல்ல பேருந்தும் ரயிலும் உள்ள நகரத்தில் பலர் அதை மகிழ்ச்சியோடு விட்டுவிடுவார்கள். நாம் சொல்ல வருவது இவ்வளவே. கட்டணம் வாங்குவதானால் எதற்காக என்று நகரம் சொல்ல வேண்டும். இடத்துக்கா, நெரிசலுக்கா, புகைக்கா என்று. தடுப்பதானால் மாற்று வழியைக் காட்டிவிட்டுத் தடுக்க வேண்டும். விலக்கு அளிப்பதானால் அந்த விலக்கை, கணக்கிலிருந்தே நீக்கிவிடுவதற்கான சாக்காக்கக் கூடாது. கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் அந்தக் குறுகிய பாதையை வரைந்த பொறியாளர்கள் மோட்டார் சைக்கிளை அரை வண்டி என்றே கணக்கிட்டிருக்கலாம். ஆனால் அதன்மேல் வருபவரை ஒரு முழு ஆள் என்று கணக்கிட்டார்கள். சாலைக் கணக்கில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுபவை அல்ல என்பதே இந்த அரை நூற்றாண்டு வரலாறு நமக்குச் சொல்வது.